தீபாவளி நெருங்கினாலே நெஞ்சு படபடக்குது, வழி இருந்தா சொல்லுங்க

சிப்புட் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்கள் மாற்று விடுமுறை. ஆபீஸ்ல எல்லாரும் "நீட்டு லீவு, ஜாலி"ன்னு குதிக்கிறாங்க. எனக்கு அந்த நீட்டுதான் பயம். நாத்தனார் மூணு பேரும் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துருவாங்க, செவ்வாய் காலையிலதான் கிளம்புவாங்க.

மலேசியா, சுங்கை சிப்புட்ல மாமியார் வீடு, மூணு ரூம் உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. நான் ஈப்போவுல கிராணி (கிளார்க்) வேலை. காலையில இருட்டோட கிளம்பி சாயந்திரம் இருட்டோட வர்றேன். அக்டோபர் பிறந்ததும் தொடங்கிரும். பெயிண்ட், ஜன்னல் திரை, அஞ்சு வகைப் பலகாரம், சனிக்கிழமை பெரியவங்களுக்குப் படையல், ஞாயிறு விடியக்காலை எண்ணெய்க் குளியல், தோசை, ஆட்டுக்கறிப் பிரட்டல், மத்தியானம் விருந்தாளிங்க, பிள்ளைங்களுக்கு அங்பாவ் (பணப் பாக்கெட்). வீட்டுக்காரர் நல்லவர்தான். "என்ன வேணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்"னு சொல்வார். என்ன வேணும்னு யோசிக்கிறதுதான் பாதி வேலைங்கிறது அவருக்கு உறைக்கிறதில்ல.

போன வருசம் எல்லாரும் போட்டோ எடுத்தப்ப நான் சமையல்கட்டுல இருந்திருக்கேன். குடும்பப் படத்துல நான் இல்லைங்கிறதையே பொங்கல் நேரத்துலதான் யாரோ கவனிச்சாங்க. கொண்டாட்டத்தை விட்டுடணும்னு நினைக்கல. ஆனா இப்படியே போனா தீபாவளியையே வெறுத்துருவேன் போல.

செம்மோர் பையன்

அக்கா, இதுக்கா இவ்வளவு கவலை? பலகாரத்தைக் கடையில வாங்குங்க. ஈப்போ லிட்டில் இந்தியாவுல டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்காங்க. பெயிண்ட் அடிக்காட்டி சுவர் விழுந்துடாது. வேலை முடிஞ்சது.

லயத்துக் கிழவி

தம்பி, உனக்குக் கல்யாணம் ஆச்சா?

செம்மோர் பையன்

இல்ல பாட்டி.

லயத்துக் கிழவி

அதான்.

மாவு மில்

எங்களுக்கு மாவு அரைக்கிறதுதான் தொழில், அதனால பலகாரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். கடைசி வாரத்துல அரிசி தூக்கிட்டு வர்றவங்க வரிசையில நின்னு சண்டை போடறாங்க. அதே அக்காமாருங்க மூணு வாரம் முன்னாடி வந்தா சிரிச்சுப் பேசிட்டுப் போறாங்க.

அதுக்காக எல்லாத்தையும் முன்னாடியே சுட்டு வைக்கவும் முடியாது. தேங்காய்ப்பால் ஊத்திப் பிசைஞ்ச முறுக்கு ருசிதான், ஆனா நாளாக நாளாக சிக்கு வாடை வந்துரும். ரெண்டு வாரம் முந்திச் சுடறதா இருந்தா தண்ணியும் காய்ச்சின எண்ணெய் ரெண்டு கரண்டியும் விட்டுப் பிசைங்க. நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைச்ச உளுந்து மாவு. அதிரசத்துக்குப் பாகு ஊத்தி மாவைக் கிளறி வச்சிட்டா நாள்கணக்குல இருக்கும், வேணுங்கிறப்ப தட்டிப் போட்டுக்கலாம். நெய் உருண்டைக்குப் பாசிப்பயறை வறுத்துக் கொண்டாந்தா மில்லுல நைசா அரைச்சுத் தருவோம், வீட்ல சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கிறது மட்டும்தான் பாக்கி.

அச்சு முறுக்கு தனியாளா செய்யற வேலை இல்ல. அச்சு சூடு தணிஞ்சா மாவு பிடிக்காது, ரொம்பக் காஞ்சாலும் மாவு பிடிக்காது, பிடிச்சதும் எண்ணெயில உதறி விடணும், அதுக்குள்ள முன்னாடி போட்டது கருகும். கூட ஆள் இல்லாட்டி அதை விட்டுடுங்க. அப்புறம் மழை. அக்டோபர், நவம்பர்ல நம்ம பக்கம் சாயந்திரமானா இடியும் மழையும்தான். அந்த ஈரக்காத்துல ஆற வச்சா நமத்துப் போகும். காலையில சுட்டு, ஆறினதும் டின் மூடியை இறுக்கி மூடிடுங்க.

அஞ்சு வகை வேணும்னு யார் கேட்டா? மில்லுக்காரன் வீடு, எங்க வீட்லயே ரெண்டு வகைதான்.

கிள்ளான் நாத்தனார்

மருமகள் அவர்களே, நான் உங்க நாத்தனார் இல்ல, பயப்படாதீங்க. ஆனா நானும் ஒரு வீட்டுக்கு நாத்தனார்தான், அதனால இந்தப் பக்கத்தையும் கேளுங்க.

வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு, ரெண்டு பிள்ளைங்களையும் காடியில (கார்ல) ஏத்தி, கிள்ளானை விட்டு வெளியே வர்றதுக்கே உயிர் போகும். ரவாங்ல நகராது, தஞ்சோங் மாலிம்ல நகராது, தாப்பாகிட்ட சின்னவன் வாந்தி எடுப்பான். ஈப்போ வடக்குல இறங்கி, செம்மோர் வழியா பழைய ரோட்டைப் பிடிச்சு வீட்டு வாசலுக்கு வந்தா, "இப்பதான் வர்றியா?" ரயில்ல வரலாம்னா பெரிய நாளுக்கு இ.டி.எஸ். டிக்கெட் விற்பனைக்கு வந்த கொஞ்ச நேரத்துலயே காலி.

அப்புறம் அடுப்படிக்குப் போய் "நான் என்ன செய்யட்டும் அண்ணி?"ன்னு கேட்டா "இருக்கட்டும், நீ போய் உட்காரு". போய் உட்கார்ந்தா "வந்தது முதல் உட்கார்ந்தே இருக்கா". எங்களுக்கும் தலைவலி இருக்குங்க.

சிப்புட் மருமகள்

"இருக்கட்டும்"னு சொல்றது மரியாதைக்கு! ரெண்டாவது தடவை கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறேன்?

கிள்ளான் நாத்தனார்

ரெண்டாவது தடவை கேட்கணும்னு எங்கயாச்சும் எழுதி ஒட்டுங்க அண்ணி. நிஜமாத்தான் சொல்றேன். வர்றதுக்கு முன்னாடியே "சனிக்கிழமை இட்லிக்கு நீ, ஞாயிறு கறிக்கு அவ"ன்னு சொல்லிட்டா எவ்வளவு நிம்மதி! மாவு அரைச்சு டப்பாவுல எடுத்துட்டு வந்துருவேன். வந்து நின்னு ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்கிறதுதான் கஷ்டம்.

லயத்துக் கிழவி

ரப்பர் தோட்டத்துல பிறந்து, தோட்டத்துல பால் வெட்டி, தோட்டத்துலயே பென்சன் வாங்கினவ நான். பேத்திதான் தட்டச்சு செஞ்சு தர்றா, எழுத்துப்பிழை அவ கணக்கு.

லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, எங்களுக்கும் இதே வேலைதான், இதைவிட அதிகம். மத்தியானம் பால் ஊத்திட்டு வந்து குளிச்சு, அப்புறம்தான் பலகாரம். ஆனா ஒருத்தி வீட்டு முறுக்கை அவ மட்டும் சுட்டதே இல்ல. லயத்துக்கு ஒரு பெரிய இரும்புச் சட்டி. இன்னிக்கு எங்க வீடு, நாளைக்கு அடுத்த வீடு. ஒருத்தி பிசைவா, ஒருத்தி பிழிவா, ஒருத்தி அடுப்புப் பக்கம். பிள்ளைங்க விறகு எடுத்துக் கொடுக்கும். உடைஞ்ச முறுக்கு அதுங்களுக்கு. அங்க உட்கார்ந்து பேசின பேச்சு இருக்கே, கிராணி வீட்டுக் கதையிலிருந்து தண்டல் வீட்டுக் கதை வரைக்கும், அதுக்காகவே முறுக்கு சுடப் போவோம். இப்ப தாமான்ல வீட்டுக்கு வீடு இரும்புக் கேட்டு, பூட்டு, கேஸ் அடுப்பு. அப்ப ஒரு லயம் கூடிச் செஞ்ச வேலையை இப்ப ஒருத்தி தனியா செய்யறா. உனக்கு நெஞ்சு படபடக்காம என்ன செய்யும்?

அதுக்காக அந்தக் காலம் சொர்க்கம்னு நினைச்சுறாத. தீபாவளிச் சாமான் எல்லாம் கடையில பற்று. அதைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள தைப்பூசம் வந்துரும். பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே பீஸ் துணியில சட்டை, பாவாடை. கூட்டமா நின்னா எவன் எந்த வீட்டுப் பிள்ளைன்னு துணியை வச்சே சொல்லிடலாம். ஆம்பளைங்க சம்பள நாள்லயே கள்ளுக்கடைக்குப் போயிருவாங்க. அதைப் பத்தி இன்னொரு நாள் பேசறேன்.

உன்கிட்ட ஒண்ணு கேட்கணும் மருமகளே. தீபாவளியில உனக்கு எது பிடிக்கும்? வீட்டுக்கு எது வேணும்னு கேட்கல, உனக்கு எது பிடிக்கும்?

செம்மோர் பையன்

பாட்டிக்கு லைக் போட வழியே இல்லையா இங்க?

சிப்புட் மருமகள்

பாட்டி, ரொம்ப நேரம் யோசிச்சேன். எண்ணெய்க் குளியல்தான். மாமியார் நல்லெண்ணெயைக் காய்ச்சி எல்லாருக்கும் உச்சந்தலையில வச்சுத் தேய்ப்பாங்க. அவங்க கை பட்டா கண்ணு சொக்கும். ஆனா நான் தோசைக்கல்லுகிட்ட நிக்கிறதால கடைசி ஆள். எண்ணெயை அவசரமா நானே தலையில அப்பிட்டு ஓடுவேன். பாதி நேரம் வெளியில விருந்தாளி காடி வந்து நின்னுருக்கும்.

லயத்துக் கிழவி

அப்ப இந்த வருசம் முதல் ஆளா நீ உட்காரு. உன் மாமியாகிட்ட இப்பவே சொல்லி வை. முந்தி எழுந்திரிச்சவளுக்கு முதல் எண்ணெய்னு சட்டம் போடு, எல்லாம் எழுந்திரிக்கும்.

கணக்குப்பிள்ளை

சற்று நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனஉளைச்சல் என்று சொல்கிறோம். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அதில் பெரும்பங்கு பணஉளைச்சல். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது, உண்மை. 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்டுக்குள் சிறு முதலாளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் நான்கு பேருக்குப் புதுத்துணி, ஆட்டிறைச்சி, அங்பாவ், பெட்ரோல், டோல் என்று போட்டுப் பாருங்கள், ஒரு மாதச் சம்பளம் தாங்காது.

அதை எப்படிச் சமாளிக்கிறோம்? முதல் வழி கூட்டு, அதாவது சீட்டு. தெருவுக்கு ஓர் அக்கா கூட்டுப் பிடிப்பார், தீபாவளிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பார். கூட்டு நிதி 1971ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டது. தலைவி ஓடிவிட்டால் எந்த முகத்தோடு போலீசுக்குப் போவீர்கள்? அடுத்தது ஊழியர் சேமநிதி. 2024 மே 11 முதல் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் விழுகிறது, 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசியில் இரண்டு தட்டு, பணம் வந்துவிடும். அவசரத்துக்கு என்று வைத்த பணம் ஜன்னல் திரையாகத் தொங்குகிறது. கடைசி வழி ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரன். அதை விளக்க வேண்டியதில்லை, நம் தாமான் கேட்டுகளில் சிவப்புச் சாயம் ஊற்றியதைப் பார்த்திருக்கிறீர்கள்.

நம் ஊருக்குச் சேமிப்பு புதிதா? தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். தைப்பூசம் முடிந்ததும் மாதம் ஐம்பது வெள்ளி தனிக்கணக்கில் போட்டு வந்தால் அக்டோபரில் கையில் 450 வெள்ளி இருக்கும். ஆட்டிறைச்சிக்கும் பலகாரத்துக்கும் ஆயிற்று.

இன்னொன்று. தீபாவளியை ஒட்டி அரசாங்கம் சில பொருள்களுக்கு உச்ச விலை அறிவிக்கும். அப்பொருளுக்குக் கடையில் இளஞ்சிவப்பு விலைச்சீட்டு மாட்டியிருக்க வேண்டும். தேங்காய், தக்காளி, வெங்காயம் எல்லாம் வாங்குமுன் அந்தச் சீட்டைத் தேடுங்கள். கடன் ஏற்கெனவே கழுத்துக்கு வந்துவிட்டவர்கள் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.யை நாடுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

சிங்கை ஷிப்ட்

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுல அங்பாவை மட்டும் தனியா எடுத்துப் பேசணும். சிங்கப்பூர்ல வேலைன்னாலே ஊர்ல நம்மள நடமாடுற பேங்க்னு நினைச்சிருக்காங்க. "மூணு மடங்கு வெள்ளிடா உனக்கு"ன்னு மாமா சொல்வாரு. ஜொகூர் பாலத்துல நிக்கிற நேரம், ரூம் வாடகை, நைட் ஷிப்ட் எல்லாம் அவர் கணக்குல வராது. ஒரு வருசம் ஊருக்கே வரவேண்டாம்னு தோணுச்சு.

இப்ப ஒரு முடிவு எடுத்துட்டேன். எந்தப் பிள்ளையா இருந்தாலும் அஞ்சு வெள்ளி. அக்கா பிள்ளைக்கும் அஞ்சு, பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைக்கும் அஞ்சு. புது நோட்டு, அழகான பாக்கெட். முதல் வருசம் முணுமுணுத்தாங்க. அப்புறம் அதுவே பழகிருச்சு. பிள்ளைங்க பாக்கெட்டைத் தூக்கிட்டு நேரா பட்டாசுக் கடைக்குத்தான் ஓடுதுங்க, எவ்வளவுன்னு எண்ணிப் பார்க்கிறது அம்மாக்காரிங்கதான்.

மூணாம் லைன்

பாட்டி "இன்னொரு நாள் பேசறேன்"னு விட்டுட்டீங்க. நான் இன்னிக்கே பேசறேன்.

எங்க வீட்ல தீபாவளி பயம் பலகாரத்தால இல்ல, பாட்டிலால. முதல் நாள் தாத்தாவுக்குப் படையல்ல ஒரு பீர் வைக்கிறது வழக்கம். படைச்சதைப் பேரன்மாருங்க எடுத்துக் குடிக்கிறதும் வழக்கம். அதுக்கப்புறம் யாரோ வாங்கிட்டு வர்றது வழக்கத்துல சேராது, ஆனா வந்துரும். விடிஞ்சா எண்ணெய் தேய்க்க ஆம்பளைங்க எழுந்திரிக்கிறதில்ல. மத்தியானத்துக்குள்ள பழைய சொத்துச் சண்டை ஒண்ணு வெளியே வந்துரும். பிள்ளைங்க ரூம்ல கதவைச் சாத்திட்டு டேப்லட்ட பார்த்துட்டு இருக்கும். மத்தாப்பு அப்படியே கிடக்கும்.

போன வருசம் நான் ஒண்ணு செஞ்சேன். முதல் நாள் ராத்திரியே பிள்ளைங்களைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். தீபாவளி காலையில வந்து சாமி கும்பிட்டோம். பேச்சு வந்தது, வரட்டும்.

கிள்ளான் நாத்தனார்

நல்ல காரியம் செஞ்சீங்க. பேச்சோட நிக்காம கை ஓங்கற அளவுக்குப் போனா அரசாங்க உதவி எண் தாலியான் காசே, 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. போன்ல இப்பவே பதிஞ்சு வச்சிருங்க. பெரிய நாள்னு யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சுச் சும்மா இருந்துறாதீங்க.

செம்மோர் பையன்

படையல்ல பீருக்குப் பதிலா தாத்தாவுக்குப் பிடிச்ச வேற எதையாச்சும் வைக்கலாமே? எங்க தாத்தாவுக்கு ஐசு காச்சாங். கரையறதுக்குள்ள கும்பிட்டு முடிச்சுருவோம்.

இந்த வருசம் இல்லை

எல்லாரும் எழுதினதைப் படிச்சிட்டு எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். அம்மா ஜூன்ல தவறிட்டாங்க. இந்த வருசம் எங்க வீட்ல தீபாவளி இல்ல. பலகாரம் இல்ல, துணி இல்ல, யாரும் வரமாட்டாங்க. நீங்க எல்லாம் வேலை அதிகம்னு சொல்றீங்க, எனக்கு அந்த வேலை கிடைச்சாப் போதும் போல இருக்கு. ஞாயிறு, திங்கள் ரெண்டு நாளும் தெருவெல்லாம் வெடிச் சத்தமா இருக்கும், நானும் அப்பாவும் டிவியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். அப்பா ஒண்ணும் பேசமாட்டார். அந்த ரெண்டு நாளை எப்படிக் கடத்தறதுன்னுதான் தெரியல.

லயத்துக் கிழவி

கண்ணு, துக்க வீட்ல தீபாவளி இல்லைன்னாலும் சாப்பாடு உண்டு. அந்தக் காலத்துல துக்க வீட்டுக்காரங்க பலகாரம் சுடக்கூடாது. ஆனா அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க கொண்டு போய்க் கொடுக்கணும், அதுதான் முறை. இப்ப நாங்க துக்க வீடுன்னு ஒதுங்கிப் போறது மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு உங்களைத் தனியா விட்டுர்றோம். உன் பக்கத்து வீட்ல யாராவது தட்டோட வந்தா உள்ளே கூப்பிட்டு உட்கார வை. வராட்டி நீயே போய்க் கேளு, வெட்கப்படாத.

அப்பாவைப் பேச வைக்கணும்னா அம்மாவைப் பத்திக் கேளு. அம்மாவுக்கு முறுக்கு எந்தப் பதத்துல பிடிக்கும்னு கேளு. தலைத்தீபாவளிக்கு என்ன புடவை எடுத்தாருன்னு கேளு. ஆம்பளைங்க "எப்படி இருக்கீங்க"ன்னா பேசமாட்டாங்க, விவரம் கேட்டா மணிக்கணக்கா பேசுவாங்க.

மாவு மில்

இந்த ஊர்லதான் இருக்கீங்கன்னா தனியா ஒரு மெசேஜ் போடுங்க. ஞாயிறு காலையில எங்க வீட்டுத் தோசை உங்க வீட்டுக்கு வரும். சாமி கும்பிட்டது இல்ல, வெறும் தோசைதான், உங்க முறைக்கு ஒண்ணும் ஆகாது.

கணக்குப்பிள்ளை

அந்த இரண்டு நாளில் மனம் தாங்க முடியாமல் போனால், யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் உண்டு, 1970 முதல் இந்நாட்டில் இதைத்தான் செய்துவருகிறது. உங்களுக்கு மட்டுமல்ல, இங்கே எழுதாமல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருசம் இல்லை

நன்றிங்க எல்லாருக்கும். மில் அண்ணே, மெசேஜ் போட்டிருக்கேன். அப்பாவுக்கு வெங்காயச் சட்டினி பிடிக்கும்.

சிப்புட் மருமகள்

என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. குடும்ப வாட்சாப் குழுவுல பட்டியல் போட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி மாமியார்கிட்டக் காட்டினேன், இல்லாட்டி அது வேற சண்டை. பெரிய நாத்தனார் ஆட்டுக்கறியை எடுத்துக்கிட்டாங்க, வாங்கறதுல இருந்து சமைக்கிற வரைக்கும். ரெண்டாவது நாத்தனார் சனிக்கிழமை இட்லி. கடைசி நாத்தனார் பட்டியலைப் பார்த்துட்டு ஒண்ணும் எழுதல, ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டிருக்கா. அது சரியா, கோவமான்னு இன்னும் தெரியல.

பலகாரம் மூணு வகைன்னு பேரம் முடிஞ்சது. முறுக்கும் நெய் உருண்டையும் வீட்ல. அதிரசம் வேணும்னு மாமியார் ஒரே பிடி, சரி, மாவு கிளறித் தர்றது அவங்க பொறுப்பு. அச்சு முறுக்கைக் கடையில வாங்கலாம்னேன். "கடை முறுக்கை வச்சு விருந்தாளிகிட்ட நீட்டவா?"ன்னாங்க. யாரும் நீட்டல, இந்த வருசம் அச்சு முறுக்கே இல்லை. பெயிண்ட் இல்ல. திரை மட்டும் மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அதுல நான் தோத்தது தோத்ததுதான், துவைச்சுப் போடறதை வீட்டுக்காரர் பார்த்துக்கறார். அவர்கிட்ட "வாங்கிட்டு வா"ன்னு சொல்லாம விருந்தாளிச் சாப்பாடு மொத்தத்தையும் கொடுத்துட்டேன். என்ன, எத்தனை பேருக்கு, எங்க வாங்கறது, எல்லாம் அவரே யோசிக்கணும். நேத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி "கோழி எத்தனை வாங்கறது?"ன்னு கேட்டார். "யோசிங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

முதல் எண்ணெய் எனக்குன்னு மாமியார்கிட்ட சொன்னேன் பாட்டி. "மூணரைக்கு எழுந்திரிப்பியா?"ன்னு கேட்டாங்க.

லயத்துக் கிழவி

மூணரையா? அந்தம்மாவும் தோட்டத்துல இருந்து வந்தவங்களா?

சிப்புட் மருமகள்

ஆமாம் பாட்டி, கல்யாணம் ஆகிற வரைக்கும் பால் வெட்டினவங்க.

லயத்துக் கிழவி

அப்ப பேரம் பேசாத. எழுந்திரு.

சிங்கை ஷிப்ட்

தீபாவளி கையோட கந்த சஷ்டி விரதம் வருதுங்க, கறியை அளவா வாங்கச் சொல்லுங்க. எங்க வீட்ல ஒவ்வொரு வருசமும் மிஞ்சின பிரட்டலை யார் தலையில கட்டறதுன்னு ஓடுவாங்க.

செம்மோர் பையன்

என் தலையில கட்டலாம். செம்மோர்தான், வழியிலதான் இருக்கு.

சிப்புட் மருமகள்

கோழிக் கணக்கோட இதையும் வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன் தம்பி. மில் அண்ணே, அரிசியும் உளுந்தும் எந்த வாரம் கொண்டாந்தா கூட்டம் இருக்காது?

மாவு மில்

அக்டோபர் மூணாம் வாரம், செவ்வாய் இல்லாட்டி புதன், காலையில பத்து மணிக்கு மேல. அரிசியைக் கழுவி நிழல்ல நல்லா உலர்த்திக் கொண்டாங்க. ஈரமா கொண்டாந்தா மெஷின் அடைச்சுக்கும், அப்புறம் பின்னாடி நிக்கிற அக்காமாருங்க என்னைத்தான் திட்டுவாங்க.